தோட்டத் தலைவரும் பறக்கும் தட்டும்

பறக்கும் தட்டு என்னும் சொல் காதில் விழுந்ததும் முதலில் எழுவது நகைப்பே. அரசியல்வாதிகளுள் அந்த நகைப்புக்கு மிகுதியும் இலக்கானவர், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரனாடாவின் முதற்பிரதமர் எரிக் கேரி ஆவார். 1977 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அவர் பேசியபோது, வானில் தோன்றும் இனந்தெரியாப் பொருள்களை ஆராய உலக மன்றமே ஓர் அமைப்பை நிறுவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் நாட்டின் தலைவர், கிடைத்தற்கரிய மேடையில் கேட்டது இதுதானா என்று செய்தியாளர் பலர் எள்ளினர்.

எள்ளல் எளிது, ஆயின் அது போதாது. தெமியாங் முதலாக நெகிரி செம்பிலானின் பால்மரத் தோட்டங்களோடு உறவுடையோர் கேரியின் கதையை வேறொரு முனையிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவர் தோட்டத் தொழிலாளர் தலைவராக எழுந்தவர். சாதிக்காயும் கொக்கோவும் கரும்பும் விளையும் அத்தீவுக்கு 1857 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் கப்பலேறிச் சென்றனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1950இல் கேரி தொழிற்சங்கம் கண்டார். 1951இல் பெருவேலைநிறுத்தம் நடத்தினார். அவ்வாண்டே தேர்தலில் வென்றார். துரைமார் முன் தலைகுனிந்து நின்ற கூலிக்காரன் நிமிர்ந்து நின்றது அவரால்தான். இதனை அவருடைய பகைவரும் மறுப்பதில்லை.

அத்தகையவர் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது எப்போது? 1974இல் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே அவருடைய ஏவலாட்கள் எதிர்ப்பாளரைத் தெருவில் தாக்கினர். எதிர்க்கட்சித் தலைவர் மாரிஸ் பிஷப்பின் தந்தை அவ்வாண்டு ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மண்ணில் நடந்தவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் விண்ணைக் குறித்து வினா எழுப்பினார். பறக்கும் தட்டில் நம்பிக்கை வைத்தது அவர் குற்றமன்று. அந்நம்பிக்கை நின்ற இடம் எது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி.

அவருடைய கோரிக்கை முற்றிலும் வீணாகவும் இல்லை. 1978 டிசம்பரில் பொதுப்பேரவை, விரும்பும் நாடுகள் தத்தம் அளவில் ஆராய்ந்து செயலாளருக்குத் தெரிவிக்கலாம் என முடிவு செய்தது. யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத முடிவு! மூன்று திங்கள் கழித்து, 1979 மார்ச் 13இல், கேரி வெளிநாட்டில் இருந்தபோது பிஷப்பின் இயக்கம் ஆட்சியைக் கைப்பற்றியது. தட்டு அவரைக் கவிழ்த்தது என்பார் கூற்று வெறும் சுவைக்கதை. கவிழ்த்தது தெருவில் விழுந்த அடிகள்.

இந்நம்பிக்கைக்குக் கட்சி நிறம் இல்லை என்பதும் கருதத்தக்கது. அர்ஜென்டினாவின் இடதுசாரி பொசாடாஸ், விண்மீன்களைக் கடந்து வரவல்லோர் முதலாளியத்தைக் கடந்த சமுதாயத்தினராகவே இருத்தல் வேண்டும் என 1968இல் வாதிட்டார். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் தாம் 1969இல் கண்ட ஒளியைப் பற்றி எழுத்தில் முறையிட்டவர். 1976 தேர்தலில் அரசின் தகவல்களை வெளியிடுவேன் என்றவர். 2023 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு இதே பொருளில் பொது விசாரணை நடத்தியபோது, எதிரெதிர்க் கட்சியினர் ஒரே குரலில் பேசினர். அங்கே வானத்துப் பொருளினும் அரசு எதையோ மறைக்கிறது என்னும் ஐயமே பெரிதாக நின்றது. மறைத்ததற்குச் சான்றில்லை எனப் பாதுகாப்புத் துறை 2024இல் அறிக்கை தந்தும் ஐயம் தீரவில்லை. ஆள்வோரை நம்பாதவனுக்கு ஆள்வோரின் அறிக்கை எங்ஙனம் மருந்தாகும்?

இதற்கு நிகரான நோய் இந்திய மண்ணில் பழம்பெருமை வடிவில் வருகிறது. வைமானிக சாஸ்திரம் என்னும் நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஐவர் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது என்றும், அதில் கூறப்படும் ஊர்திகள் பறக்க இயலாதவை என்றும் 1974இலேயே காட்டினர். ஆயினும் அமைச்சர்களும் மேடையாளர்களும் பழைய விமானங்களை விட்டபாடில்லை. தமிழ் வகுப்புகளிலும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை விமானத்தின் முன்னோடி என்று பாராட்டும் வழக்கம் உண்டு. மாணவன் மகிழ்கிறான், காப்பியம் நழுவிப்போகிறது. பகைவனின் வெற்றிமுரசு கேட்டு அரசி விசயை மயங்க, பொறி இறங்குவது சுடுகாட்டில். அரசனின் மகன் பிறக்கும் இடம் அது. திருத்தக்கதேவர் பொறியை அமைத்தது அந்தச் சுடுகாட்டுக்கு அவளைக் கொண்டு சேர்க்கவே.

புறநானூற்றின் இருபத்தேழாம் பாட்டுக்கும் இதே கதி. அதில் ஓட்டுவான் இல்லாத வான ஊர்தி வருவதால், அதனையும் பொறியியற் சான்றாகக் காட்டுவோர் உளர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அவ்வூர்தியைச் சொன்னது யாரிடம்? ஆட்சியில் இருந்த சோழன் நலங்கிள்ளியிடம். புலவர் பாடும் புகழுடையோர் தம் செய்வினை முடித்து அதனை எய்துவர் என்று கூறும் புலவர், தேய்ந்து வளரும் திங்களைச் சுட்டி, வல்லவராயினும் மாட்டாதவராயினும் வருந்தி வந்தோரைப் பார்த்து அருள்க என்று மன்னனிடம் கேட்கிறார். வானத்தைத் தொட்ட பாட்டு வாயிலில் நிற்கும் இரவலனிடம் வந்து சேர்கிறது. கேரி சென்றது இதற்கு எதிர்த்திசையில்.