பந்தயக் காருக்கு ஏன் சின்னச் சக்கரம்?

போர்ஷே 911 ஜிடி3 காரைச் சாலையில் ஓட்ட வாங்கினால் முன்னால் 20 அங்குலம், பின்னால் 21 அங்குலம் என்ற அளவில் சக்கரங்கள் பூட்டித் தருவார்கள். அதே காரின் பந்தய வடிவமான ஜிடி3 கப், நான்கு மூலையிலும் 18 அங்குலத்தில்தான் ஓடுகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது இந்த வகைக் காரில்தான். பார்முலா 1 கார்களோ 2021 வரை 13 அங்குல ரிம்மில் ஓடின. 2022இல் அது 18 ஆனது. ரிம் பெரிதானால் வண்டி வேகமாகப் போகும் என்ற எண்ணத்துக்குப் பந்தயத் தடத்தில் பெரிய ஆதரவில்லை.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இயங்கும் நிரந்தரப் பந்தயத் தடங்கள் இரண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.717 கிலோமீட்டர் தடம் ஒன்று. கோவை செட்டிபாளையத்தில், மறைந்த வீரர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே மற்றொன்று. அதன் நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான். இவற்றுக்கு முன்னால் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளமே பந்தயக்களமாக இருந்தது. டிரெய்லரில் காரை ஏற்றிவரும் அணிகளுக்கு டயர் அளவில் குழப்பமில்லை, போட்டி விதியே அதை முடிவு செய்துவிடும். குழப்பமெல்லாம் விருதுநகர் மாவட்டத்து இருக்கன்குடியிலோ சாத்தூரிலோ இருந்து, அன்றாடம் ஓட்டும் காரையே டிராக்கிலும் ஓட்டிப் பார்க்கக் கிளம்புகிறவருக்குத்தான். டிராக்கில் முப்பது நிமிடம் ஓட்டுவதற்காக அவர் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும்.

முதலில் எண்கள். மாருதி ஸ்விப்ட் காரின் மேல்நிலை மாடல்களில் வருவது 185/65 ஆர்15. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம் விட்டம் 381 மி.மீ., மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர். கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. அதே காரின் கீழ்நிலை மாடலில் வரும் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் குறைந்தும் மொத்த விட்டம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. தயாரிப்பாளர் காத்துவரும் அளவு அதுதான். வேகமானி, கிலோமீட்டர் கணக்கு, ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாம் அந்த விட்டத்தை நம்பியே அமைந்தவை. 205/55 ஆர்16 போட்டால் விட்டம் 632 ஆகும். வேகமானி 100 காட்டும்போது டயர் மாற்றத்தால் மட்டும் உண்மை வேகம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் கூடியிருக்கும். மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு.

இந்தக் கணக்குப்படி ஸ்விப்டுக்கு 195/55 ஆர்16 கச்சிதமாகப் பொருந்தும், விட்டம் 620.9 மி.மீ. 205/45 ஆர்17 போட்டால் 616.3, அதுவும் எல்லைக்குள்தான். ஆனால் விட்டம் ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போனதாகாது. 15 அங்குலத்தில் 120 மி.மீ. இருந்த பக்கச்சுவர் 17இல் 92 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. குழியில் விழும்போது ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருப்பது அந்தக் காற்றும் ரப்பரும் மட்டுமே.

சாத்தூரைத் தொட்டுச் செல்லும் நான்குவழிச் சாலையில் இந்தக் குறைவு தெரியாது. அதை விட்டு இருக்கன்குடிப் பக்கம் திரும்பினால் தெரியும். கரிசல் மண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலை ஆண்டுக்கு ஆண்டு அலைபோல நெளிந்து, ஓரங்களில் பிளந்துபோகிறது. இத்தகைய சாலையில் 17 அங்குல அலாய் வீல் போட்ட கார் இரண்டு விதத்தில் விலை கொடுக்கிறது: ரிம் விளிம்பு கோணுகிறது, பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து புடைப்பு எழுகிறது. புடைத்த டயருக்கு ஒட்டு கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

பலர் பார்க்காமல் விடும் எண் சுமைக் குறியீடு. 185/65 ஆர்15 டயரில் வழக்கமாக 88 என்று இருக்கும்; ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 195/55 ஆர்16இல் வழக்கமாக 87, அதாவது 545 கிலோ. 205/45 ஆர்17இல் 84 என்று வரும் சாதாரண வகைக்கு 500 கிலோதான். ரிம் ஏற ஏறத் தாங்கும் எடை இறங்குகிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு ஐந்து பேரும் பொங்கல் பானையுமாக இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும் காரில் இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 17தான் வேண்டுமென்றால் எக்ஸ்எல் என்று குறித்த, கூடுதல் காற்றழுத்தம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குவதே சரி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அதே காரின் மேல்நிலை மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அளவோடு நிற்பது எல்லா வகையிலும் நிம்மதி.

அகலத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: அகல டயர் தரையை அதிகப் பரப்பில் தொடும் என்பது. தொடும் பரப்பைப் பெரிதும் முடிவு செய்வது சுமையும் காற்றழுத்தமும்தான். 300 கிலோ சுமக்கும் சக்கரத்தில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், டயர் எந்த அகலமானாலும் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர செ.மீ. மாறுவது அதன் வடிவம். அகல டயரின் தடம் குறுக்கே நீண்டு, முன்பின்னாகக் குறுகுகிறது. வளைவில் பக்கவாட்டுப் பிடி கூடுவதற்கும், உராய்வின் வெப்பம் அதிக ரப்பரில் பரவுவதற்கும் இந்த வடிவமே காரணம். ஐப்பசி மழையில் இதுவே எதிராகத் திரும்பும். அகலத் தடம் தண்ணீரை ஒதுக்கத் திணறி, நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும்.

டிராக்குக்கு வந்தால் கணக்கு வேறு. அங்கே குழி இல்லை, சுமை இல்லை. உலகெங்கும் சிறு கார்களை டிராக்கில் ஓட்டுபவர்கள் விரும்பும் அளவுகளில் ஒன்று 195/50 ஆர்15. ரிம் அதே 15, டயர் 10 மி.மீ. கூடுதல் அகலம், விட்டம் 576 மி.மீ. தொழிற்சாலை அளவைவிட 7.3 விழுக்காடு சிறியது. அந்த அளவுக்கு எல்லா கியரும் இழுவை கூடியதாக மாறுகிறது. செட்டிபாளையம் போன்ற குறுகிய தடத்தில், வளைவிலிருந்து வெளியே வரும் வேகமே சுற்று நேரத்தை முடிவு செய்வதால் இது லாபம். இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சின் சீக்கிரமே உச்சச் சுழற்சியைத் தொட்டுவிடும் என்பதால் லாபத்தில் ஒரு பங்கு கழியும். எடையிலும் வேறுபாடு உண்டு. 17 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு மூலையிலும் சில கிலோவை, அதுவும் அச்சிலிருந்து தள்ளிச் சேர்க்கிறது. அந்த எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். பந்தயக் கார் பெரிய ரிம்முக்குப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே நியாயம்தான்: உள்ளே பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் அடங்க வேண்டும். பிரேக் இடிக்காத மிகச் சிறிய ரிம் எதுவோ, தேடலை அங்கே தொடங்கலாம்.

சாலைக்கு 195/50 ஆர்15 ஆகாது. கார் 23 மி.மீ. தாழ்ந்துவிடும். நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு தேய்வதற்கு அது போதும்.

ரிம்மின் அகலமும் இதில் சேர்த்தி. 195/50 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குல அகல ரிம் ஏற்றது, 205/45 ஆர்17க்கு 6.5 முதல் 7.5. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் புடைத்து, வளைவில் துவளும். கொடுத்த காசு வீண். ஸ்விப்டுக்கு 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை, போக்ஸ்வாகன் போலோவுக்கு அதே வட்டத்தில் ஐந்து துளை. நடுத்துளை முந்தையதில் 54.1 மி.மீ., பிந்தையதில் 57.1. கடையில் வாங்கும் ரிம்மின் நடுத்துளை பெரிதாயிருந்தால் இடையே வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 80ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கும். ரிம் வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் ஆப்செட் எண் அதிகம் குறைந்தால் பார்வைக்கு முறுக்காக இருக்கும், வீல் பேரிங்கின் ஆயுள் குறையும்.

அளவைவிடச் சுற்று நேரத்தை அதிகம் மாற்றுவது ரப்பரின் தன்மையும் காற்றழுத்தமும். டயரின் பக்கத்தில் டிரெட்வேர் எண் அச்சிட்டிருந்தால், 200ஐ ஒட்டியது டிராக்குக்கான மென்ரப்பர், 300, 400 என்று போவது சாலைக்கானது. ரிம்முக்கு வைத்த பணத்தை மென்ரப்பருக்குத் திருப்புகிறவர் அதே 15 அங்குலத்திலேயே வேகமாகச் சுற்றுவார். காற்றழுத்தமோ ஓட ஓட மாறும். டயருக்குள் வெப்பம் 10 பாகை கூடினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 33இல் கிளம்பிய டயர் சில சுற்றுகளில் 40ஐ நெருங்கும்போது அதன் நடுப்பகுதியே தரையைத் தொடும், பிடி நழுவும். ஆகவே சூட்டில் அளந்து காற்றைக் குறைக்கிறார்கள். குறைத்த காற்றைத் திரும்ப ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஊர் திரும்புவதுதான் ஆபத்து. மே மாத வெயிலில் காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

பக்கச்சுவர் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி ஒரு பந்தயத்தையே கலைத்திருக்கிறது. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிசில் நடந்த பார்முலா 1 பந்தயத்தில், 13ஆம் வளைவின் சாய்தளச் சுமையைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷலின் நிறுவனம் சொன்னதால் 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் காரில் நான்காவதாக வந்த கோவையின் நரேன் கார்த்திகேயன் ஐந்து புள்ளிகள் பெற்றார். பார்முலா 1இல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

சாலை, டிராக் என இரண்டு வேலைக்கும் ஒரே செட் என்றால் தொழிற்சாலை விட்டத்தை விடாமல் 15 அல்லது 16 அங்குலத்தில் நல்ல ரப்பர் போதும். ஆண்டில் பலமுறை டிராக்குக்குப் போகிறவருக்குத் தனியாக ஒரு செட் ரிம் வைத்துக்கொள்வதே மலிவு, மென்ரப்பர் சாலையில் வீணாகத் தேயாது. அப்போது ஸ்டெப்னியையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்சக்கர இழுவை உள்ள காரில், 576 மி.மீ. டயர்களுக்கு நடுவே 620 மி.மீ. ஸ்டெப்னியை முன்னால் பூட்டினால் டிபரன்ஷியல் நேர்ப்பாதையிலும் ஓயாமல் சுழன்று சூடேறும். முன் டயர் பஞ்சரானால் பின் டயர் ஒன்றை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் பூட்ட வேண்டும். அலாய் வீலின் நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாக அமராத கார்களில், ஸ்டெப்னிக்கான நட்டுகளையும் டிக்கியில் தனியே போட்டு வைக்க வேண்டும்.