போர்வையைக் குற்றமாக்கிய தீர்ப்பு

நீதிமன்றத் தீர்ப்பைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்வது நம்மிடையே வழக்கம் அன்று. கவிதையும் புதினமும் நாடகமுமே திறனாய்வுக்கு உரியவை என எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் தீர்ப்பும் சொற்களால் ஆனதே. அது யாரைக் காண்கிறது, யாரைக் காணாது விடுகிறது, எந்தச் சொல்லை எடுத்தாள்கிறது, எதனைத் தவிர்க்கிறது என்று ஆராய்வது திறனாய்வாளரின் கடமையே. கவிதையை நாம் தவறாகப் படித்தால் கவிஞர் வருந்துவார். தீர்ப்பு மனிதரைத் தவறாகப் படித்தால் அவர் தெருவிலும் இடமின்றிப் போவார். இந்நோக்குடன், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28-ஆம் நாள் வழங்கிய 'கிராண்ட்ஸ் பாஸ் நகரம் எதிர் ஜான்சன்' என்னும் தீர்ப்பை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

ஆரிகன் மாநிலத்தின் தென்பகுதியில், ரோக் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் கிராண்ட்ஸ் பாஸ். மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. வீடற்றோர் ஏறத்தாழ 600 பேர் என வழக்கில் கணக்கிடப்பட்டது. பூங்காவிலோ நடைபாதையிலோ 'முகாமிட்டு' உறங்குவதை அந்நகரச் சட்டங்கள் தடை செய்தன. முகாம் என்றால் கூடாரம் என்று நாம் எண்ணுவோம். ஆனால், தங்கும் நோக்கத்தோடு படுக்கைக்குரிய எதனை விரித்தாலும் அது முகாமே என்று சட்டம் பொருள் கூறிற்று. ஒரு போர்வையே போதும். மீறினால் 295 டாலர் தண்டம். கட்டத் தவறினால் அது 537 டாலர் 60 சென்ட் ஆகும். இருமுறை பிடிபட்டவரைப் பூங்காக்களிலிருந்து 30 நாள் விலக்கி வைக்கலாம். விலக்கையும் மீறி நுழைந்தால் 30 நாள் வரை சிறையும் 1,250 டாலர் வரை தண்டமும் உண்டு. கையில் காசில்லாமையால் தெருவில் கிடப்பவரிடம் காசு கேட்கும் சட்டம் இது.

2018-இல் பாய்சி நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தங்க வேறிடம் இல்லாதவரை வெளியில் உறங்கியதற்காகத் தண்டிப்பது கொடுமையான தண்டனை என்று கூறியிருந்தது. அதனை உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் மாற்றியது. நீதிபதி கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் தெளிவானது. கொடுமையான தண்டனையைத் தடுக்கும் எட்டாம் திருத்தம், குற்றம் மெய்ப்பட்ட பின் விதிக்கப்படும் தண்டனையின் வகையைப் பற்றியதே. எச்செயலைக் குற்றமாக்கலாம் என்பதைப் பற்றியது அன்று. 1962-இல் ராபின்சன் வழக்கில், ஒருவர் போதைக்கு அடிமையாய் இருக்கும் நிலையையே குற்றமாக்கலாகாது என இதே நீதிமன்றம் தீர்த்தது உண்மை. ஆனால் கிராண்ட்ஸ் பாஸ் தண்டிப்பது வீடற்ற நிலையை அன்று, முகாமிடும் செயலையே. இதற்குச் சான்றாக, வீடற்றவர், விடுமுறையில் முதுகுப்பையுடன் வந்த பயணி, விடுதியறையை விட்டு வந்து நகர மன்றப் புல்வெளியில் போராடும் மாணவர் ஆகிய மூவருக்கும் இச்சட்டம் ஒன்றே என்று அது எடுத்துக்காட்டுகிறது.

இவ்விடத்தில் இலக்கிய வாசகர் சற்றே நிற்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சு 1894-இல் வெளியிட்ட 'சிவப்பு அல்லி' என்னும் புதினத்தில், செல்வருக்கும் ஏழைக்கும் வேறுபாடின்றித் தடை விதிக்கும் சட்டத்தின் பெருமிதத்தை எள்ளி நகையாடும் ஒரு வாக்கியம் உண்டு. பாய்சி வழக்கின் தீர்ப்புக்கு அதுவே முகப்பு மேற்கோளாய் அமைந்தது. அவர் கசப்போடு சொன்ன அதே எண்ணத்தை, 130 ஆண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் கசப்பேதும் இன்றி, வாதமாகவே முன்வைத்திருக்கிறது. பயணிக்கும் மாணவருக்கும் திரும்பிச் செல்ல அறை உண்டு. அவர்கள் வெளியில் படுப்பது விருப்பம். மூன்றாமவருக்கு அது ஒன்றே வழி. மூவரையும் ஒரே தொடரில் நிறுத்தும்போது வாக்கியம் சமநிலை பெறுகிறது. நீதி சமநிலை இழக்கிறது. அனத்தோல் பிரான்சின் நூல்கள் அனைத்தையும் 1922-இல் திருச்சபை தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. நம்பிக்கையற்ற அந்த எழுத்தாளர் ஏழையைப் பற்றிக் கண்ட உண்மை, நம்பிக்கையாளர் பலர் காணத் தவறிய உண்மையாய் இருக்கிறது.

நீதிபதி சோட்டோமயோர் எழுதி, ககன், ஜாக்சன் ஆகியோர் உடன்பட்ட மாறுபட்ட தீர்ப்பு வேறு நடையில் தொடங்குகிறது. உறக்கம் உடலின் தேவை, குற்றமன்று என்னும் எளிய கூற்றே அதன் வாயில். 2024 ஏப்ரல் 22-இல் நடந்த வாய்மொழி வாதத்தின்போதும், போர்வை போர்த்திய குழந்தையையோ கடற்கரையில் கண்ணயர்ந்தவரையோ காவலர் பிடிப்பதில்லையே என்று அவர் நகரத்தின் வழக்கறிஞரை மடக்கினார். செயல் ஒன்றே, போர்வையும் ஒன்றே. வீடு இல்லாமை மட்டுமே வேறுபாடு. அவ்வாறாயின் தண்டிக்கப்படுவது செயலா, நிலையா? பெரும்பான்மைத் தீர்ப்பு இவ்வினாவுக்கு நேர்விடை தரவில்லை என்பதே நம் கருத்து.

போர்வையைப் பற்றி விவிலியமும் பேசுகிறது. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தில் அடகுச் சட்டம் ஒன்று வருகிறது. ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றவர் கதிரவன் மறையுமுன் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஏனெனில் இரவில் அவர் போர்த்திக்கொள்ள உள்ளது அதுவே. கடன் கொடுத்தவரின் உரிமையை அச்சட்டம் மறுக்கவில்லை. ஆனால் பொழுது சாயும்போது உரிமைக்கு ஓர் எல்லை இடுகிறது. சட்டம் இரவை நினைத்துப் பார்க்கிறது. குளிரை நினைத்துப் பார்க்கிறது. அங்கே போர்வை ஏழையின் காப்பு. கிராண்ட்ஸ் பாஸிலோ அவருக்கெதிரான சான்று. இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

நகரங்களின் தரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். பூங்கா எல்லோருக்கும் உரியது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஊசிகளும் கழிவும் கிடந்தால் பெற்றோர் முறையிடுவது இயல்பே. இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு மக்களின் சார்பாளர்களுக்கு உரியது, நீதிபதிகளுக்கு அன்று என்னும் வாதமும் தள்ளத் தக்கதன்று. ஆனால் தண்டனை எதையும் தீர்ப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவே. 2013-இல் கிராண்ட்ஸ் பாஸ் நகர மன்றக் கூட்டத்தில், வீடற்றோர் தாமாகவே அடுத்த ஊருக்குப் போகும்படி இங்கு வாழ்வை அவர்களுக்கு வசதிக்குறைவாக்குவதே நோக்கம் என்று மன்றத் தலைவர் பேசியது வழக்கில் பதிவாயிற்று. அடுத்த ஊரும் இதே சட்டத்தை இயற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்? தீர்ப்புக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இத்தகைய தடைகளை இயற்றின என்பதால் இவ்வினா வெறும் சொல்விளையாட்டு அன்று. 2024 ஜனவரியில் அந்நாட்டில் ஓர் இரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் 7,71,480 பேர்.

அடுத்த ஊருக்கு அனுப்பும் தீர்வு நமக்குப் புதிதன்று. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலையில் அளித்த தீர்ப்பில் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். வறட்சியால் வேலையிழந்த நிலமற்ற கூலியாள் அவர்; 1961-இல் பம்பாய்க்குப் பிழைக்கச் சென்றவர். 1981-இல் மழைக்காலத்திலே அவருடைய குடிசையைப் பிரித்து, அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினர். சேலத்தில் பிழைப்பில்லை, ஆகவே மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். அத்தீர்ப்பும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை ஏற்கவில்லை. உரிய அறிவிப்புக்குப் பின் அகற்றலாம் என்றே கூறிற்று. எனினும் பிழைப்பின்றி உயிர் வாழ்தல் இல்லை, ஆதலால் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று அது கண்டது. ஏன் இவர் இங்கே படுத்திருக்கிறார் என்று கேட்ட பின்னரே அகற்றலாமா என்று கேட்டது. கேள்விகளின் இவ்வரிசையே கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பில் நாம் காணாதது.

திருச்சபை இவ்விவாதத்தில் வெறும் பார்வையாளர் அன்று. 1987 டிசம்பரில் வத்திக்கானின் நீதி, அமைதி ஆணையம் வீடற்ற சகோதரரைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டு, வீடின்மையைத் தனிமனிதரின் குறையாகக் கருதாமல் சமூகக் கட்டமைப்பின் குறையாகக் காணுமாறு அழைத்தது. இவ்வழக்கிலும் அமெரிக்க ஆயர் பேரவை வீடற்றோர் பக்கம் நின்று நீதிமன்றத்தில் கருத்துரை அளித்தது. ஆயினும் நம்மை உறுத்தும் செய்தி ஒன்றும் வழக்கில் உண்டு. கிராண்ட்ஸ் பாஸில் பெரியவர்களுக்கு இருந்த முதன்மையான உறைவிடம் கிறித்தவர் நடத்தியது. அங்கே தங்க விரும்புவோர் நாள்தோறும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும், கூலியின்றி உழைக்க வேண்டும், புகைப்பழக்கத்தை விட வேண்டும் என்பன நிபந்தனைகள். நல்லெண்ணம் அதில் இருக்கலாம். ஆனால் செபத்துக்கு விலையாகப் படுக்கை தரப்படுமாயின், இரக்கச் செயல் பண்டமாற்று ஆகிவிடுகிறது. மானிட மகனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று நற்செய்தியில் வாசித்துவிட்டு, இடம் கேட்டு வருபவரிடம் தகுதிச் சான்று கேட்பது எங்ஙனம்?

புனித பெனடிக்ட் ஜோசப் லாப்ரேயை இங்கு நினைவுகூர்தல் தகும். பிரான்சில் பிறந்து, துறவு மடங்களில் இடம் கிடைக்காமல், இரந்துண்டு ஐரோப்பாவின் திருத்தலங்களுக்கு நடந்தே திரிந்தவர். ரோமையில் கொலோசியத்தின் இடிபாடுகளில் உறங்கியவர். 1783-இல் தம் 35-ஆம் வயதில் இறந்தார். 1881-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்குக்குரிய அச்சட்டம் நடைமுறையில் இருந்த நாளில் அவர் கிராண்ட்ஸ் பாஸ் பூங்காவில் கந்தையை விரித்திருந்தால் 295 டாலர் தண்டச் சீட்டு அவர் கையில் இருந்திருக்கும். பீடத்தில் ஏற்றி வணங்குபவரைத் தெருவில் கண்டால் அடையாளம் காண்போமா என்பதே அப்புனிதர் நம்மிடம் கேட்கும் கேள்வி.

இச்சட்டங்களை எதிர்த்துப் போராடுவோர் 'கைவிலங்கு வேண்டாம், வீடு வேண்டும்' என்னும் முழக்கத்தை முன்வைக்கின்றனர். அதன் முதற்பகுதிக்காகவே இவ்வழக்கு நடந்தது, அதுவும் தோற்றது. ஆனால் போராட்டம் ஓயவில்லை. வெளியில் உறங்குவதற்கான கட்டுப்பாடுகள் நியாயமானவையாய் இருக்க வேண்டும் என்று ஆரிகன் 2021-இல் இயற்றிய மாநிலச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளின் சார்பில் மீண்டும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, குறைந்தது 150 பேர் முகாமிட இடம் ஒதுக்க நகரம் இசைந்தது. உச்ச நீதிமன்றத்தில் இழந்ததில் ஒரு பகுதியை உள்ளூரில் மீட்டனர்.

ஆயினும் நாம் ஒன்றை மறக்கலாகாது. தரையில் உறங்கும் உரிமை வெற்றி அன்று; அது இறுதி எல்லை. அதற்குக் கீழே மனிதரைத் தள்ள இடமில்லை என்பதால்தான் அதற்காகப் போராட வேண்டியிருக்கிறது. அவ்வுரிமையை வென்றதோடு நிறைவடைந்தால், ஏழைக்குப் பூங்காவின் ஈரப்புல் போதும் என்று நாமே தீர்ப்பெழுதியவர்கள் ஆவோம். முழக்கத்தின் இரண்டாம் பகுதி நீதிமன்றத்தில் கிடைப்பதன்று. அது நகர மன்றத்தின் வரவு செலவில் கிடைக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் கட்டடங்களில் கிடைக்க வேண்டும். நம் பங்குகளின் பூட்டிய கூடங்களிலும் கிடைக்க வேண்டும். கதிரவன் மறையுமுன் போர்வையைத் திருப்பிக் கொடு என்ற கட்டளை நீதிபதிகளுக்கு மட்டும் இடப்பட்டதன்று.