வெட்டப்படாத டிராகன்கள்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், என்.இ.சி. வளாகத்தில், நவம்பர் மாதம் கூடும் ‘கேக் இன்டர்நேஷனல்’ கண்காட்சியில் போட்டி மேசைகள் வரிசை வரிசையாக நிற்கும். கல்யாண கேக், சர்க்கரைப் பூ, கப்கேக், சிறுவர் கைவேலை எனப் பல பிரிவுகள். ஆனால் கைபேசியும் கையுமாக வருகிறவர்கள் நின்று நகராத இடம் எது என்று ஊகிக்க நேரம் பிடிக்காது. டிராகன், ரோபோ, விண்கலம், வேற்றுக்கிரகவாசி, கூம்புத் தொப்பி மந்திரவாதி: இவர்கள்தான் அங்கே நட்சத்திரங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2006 முதல் 2011 வரை ஓடிய ‘ஏஸ் ஆஃப் கேக்ஸ்’ நிகழ்ச்சியின் டஃப் கோல்ட்மேன் குழு, ஹாரி பாட்டர் படமொன்றின் முதல் காட்சி விழாவுக்கு ஹாக்வார்ட்ஸ் கோட்டையையே கேக்காகக் கட்டிக் கொடுத்தது. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இப்போது போட்டி மேசைக்கு வந்திருக்கிறது.

இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டே தினுசு. ஒன்று, “அட, இது கேக்கா!” என்ற வியப்பு. மற்றது, தின்கிற பொருளை இப்படிப் பாழாக்கலாமா என்ற முணுமுணுப்பு. இரண்டாலும் எந்த டிராகன் நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒரே கேள்விதான்: இதையே களிமண்ணில் செய்திருந்தால் எது குறைந்திருக்கும்? எதுவும் குறையாது என்றால், செய்தவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அவர் சர்க்கரையோடு பேசவில்லை.

முணுமுணுப்புக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். வயிற்றுக்காக இல்லாமல் கண்ணுக்காகச் சர்க்கரையில் உருவம் செய்வது இந்தக் காலத்துக் கிறுக்கு அல்ல. இடைக்கால இங்கிலாந்தின் அரச விருந்துகளில் ஒரு சுற்றுப் பரிமாறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சர்க்கரையிலும் மாவிலும் செய்த கோட்டைகளும் விலங்குகளும் சபைக்கு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் புகழோடு இருந்த அந்தோனின் கரேம், தேசிய நூலகத்துக் கட்டடக் கலைப் படங்களைப் பார்த்து வரைந்து பழகி, கோயில்களையும் இடிபாடுகளையும் மேசை மேல் எழுப்பினார். ஆகவே, தின்னப்படாத இனிப்பு என்பது மட்டும் குற்றமாகாது.

இனி, ஒரு டிராகனைக் கிட்டத்தில் பார்ப்போம். அடியில் தடித்த பலகை. அதிலிருந்து எழும் மரைக் கம்பியோ பி.வி.சி. குழாயோதான் முதுகெலும்பு. கனமான உடல் பாகம் கேக். அடுக்குகளுக்கு நடுவே கனாஷ் என்ற சாக்லேட்-க்ரீம் பூச்சு. கழுத்தும் வாலும் கேக்காக இருந்தால் தொங்கிவிடும் என்பதால், மார்ஷ்மெல்லோ சேர்த்துப் பிடித்த அரிசிப்பொரிக் கலவையைக் கம்பி மேல் அப்புவார்கள். முகத்துக்கு மாடலிங் சாக்லேட். சாக்லேட்டோடு குளுக்கோஸ் பாகைச் சேர்த்துப் பிசைந்த இந்த மாவு, ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவு போல உடனே காய்ந்து வெடிக்காது. புருவத்தை ஒரு மணி நேரம் கழித்தும் திருத்தலாம். ஆனால் கோகோ வெண்ணெய் உடல் வெப்பத்திலேயே இளகும் சரக்கு. அதனால் கை சூடானவர்கள் பனிக்கட்டி நீரில் விரலை நனைத்துத் துடைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

செதில்களுக்கு உள்ள வழி எளிமையானது, பொறுமையைத் தின்பது. பைப்பிங் நாசிலின் அகன்ற வாயைச் சாய்த்து அழுத்தினால் ஒரு பிறை விழும். அதன் பக்கத்தில் இன்னொன்று, அடுத்த வரிசையில் இடைவெளி பார்த்து மற்றொன்று. கழுத்தருகே சிறிய நாசில், முதுகுக்குப் பெரியது. பிறகு கருமையான சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு மேட்டைத் துடைத்தெடுக்க வேண்டும். கடைசியாக மேடுகளில் மட்டும் உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறம். இவ்வளவும் களிமண் சிற்பி செய்கிற வேலைதான் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன்.

இறக்கையில்தான் கதை மாறுகிறது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்த வேஃபர் பேப்பர் என்ற உண்ணக்கூடிய தாள், ஈரம் கொஞ்சம் கூடினால் கரைந்தே போகும். அளவாகப் பட்டால் துணி போல வளையும். அதைக் கம்பிச் சட்டத்தில் ஒட்டி இழுத்தால் வௌவாலின் இறக்கைத் தோல் வந்துவிடும். பின்னால் விளக்கு இருந்தால் நரம்புகள் தெரிய ஒளி ஊடுருவும். டிராகன் கக்கும் நெருப்புக்கு ஐசோமால்ட். அது சர்க்கரையிலிருந்து செய்யப்படும் ஒரு பொருள். பாகு காய்ச்சினால் நிறம் மாறாமல் கண்ணாடித் தெளிவோடு இருக்கும். சாதாரணச் சர்க்கரைப் பாகு அளவுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்காது. பதம் தவறாத சில நொடிகளுக்குள் இழுத்து முறுக்கினால் தீக்கொழுந்து. அந்த நொடி போனால் திரும்ப உருக்கத்தான் வேண்டும். மந்திரக் கோளம், பனிச் சிகரம், வேற்றுக்கிரகப் படிகம் எல்லாவற்றிலும் ஐசோமால்ட் காட்டுகிற உள்ளொளி களிமண்ணால் ஆகாது. மிகுபுனைவு கேக் போட்டியின் முழுப் பெருமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இல்லாத உலகத்தைச் செய்ய, நிலைக்காத பொருள் பொருத்தமாக அமைந்துவிடுகிறது.

அறிவியல் புனைவுப் பக்கம் வந்தால் எனக்கு இந்த உற்சாகம் வருவதில்லை. விண்கலமும் ரோபோவும் உலோகம், பிளாஸ்டிக். ஃபாண்டன்டுக்கு அவை இரண்டுமாக நடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் மில்லேனியம் ஃபால்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த அந்தப் படத்துக்காக மாதிரி செய்தவர்கள், கடையில் விற்கும் டாங்கி, கப்பல் பொம்மைப் பெட்டிகளிலிருந்து துண்டுகளைப் பிய்த்து ஒட்டித்தான் அந்தக் கரடுமுரடான மேற்பரப்பைக் கொண்டுவந்தார்கள். கையில் கிடைத்ததை வைத்து இல்லாத பொறியைக் கற்பனை செய்த குறும்பு அது. போட்டி மேசையிலோ அதே துண்டுகளைச் சிலிக்கான் அச்சில் அழுத்தி, புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, இடம் மாறாமல் ஒட்டுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் மலைக்க வைக்கும் உழைப்பு. ஆனால் மூலத்தில் இருந்த அந்தக் குறும்பைத் தவிர மற்ற எல்லாம் நகலில் இருக்கிறது.

உலோகம் என்றதும் மினுக்குத் தூள் வந்துவிடும். இந்த இடத்தில் கலையை ஒதுக்கிவிட்டு உடல்நலத்தைப் பேச வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021இல் இரண்டு சம்பவங்களை வெளியிட்டது. 2018இல் ரோட் தீவு மாநிலத்தில், ரோஜாப்பொன் நிறத் தூள் கனமாகப் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு; தூளில் இருந்தது செம்பு. 2019இல் மிசோரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம். கேக் பூக்களில் தடவிய தூளில் 25 சதவீதம் ஈயம். கடையில் ‘நச்சற்றது’ என்று எழுதி விற்கிற தூள் எல்லாம் உண்ணத்தக்கது அல்ல என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. அந்தச் சம்பவங்களில் இருந்தவை போட்டி கேக்குகள் அல்ல, உண்மை. போட்டி கேக்கை யாரும் தின்னப் போவதில்லை என்றும் சொல்லலாம். ஆனால் ரோபோவின் கவசம் எப்படி மின்ன வேண்டும் என்று கண்ணைப் பழக்குவது போட்டிகளும் அவற்றின் படங்களும்தான். அந்த மினுக்கைக் கேட்டு ஆர்டர் கொடுப்பது குழந்தையின் பிறந்தநாளுக்கு.

அடுத்து தெர்மாகோல். பல போட்டிகளில் பல பிரிவுகளில் உள்ளே கேக் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தெர்மாகோல் வடிவத்தின் மேல் ஐசிங் போட்டுக் கொண்டுவரலாம். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நியாயமானவை. கண்காட்சி நாள்கணக்கில் நடக்கும். உண்மையான கேக் அமுங்கும், கசியும். நூறு மைல் காரில் கொண்டுவரும்போது வெடிக்கும். நடுவர் மதிப்பிடுவதோ ஐசிங் வேலையை. இலங்கைக் கல்யாண வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. மேடையில் அடுக்கடுக்காக நிற்பது பெரும்பாலும் வெறும் கட்டமைப்பு. விருந்தினர் கைக்கு வருவது சின்னப் பெட்டியில் ரிச் கேக் துண்டு. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்யாண கேக்கின் நேரான சுவருக்குப் பொருந்துகிற இந்த நியாயம் டிராகனுக்குப் பொருந்தாது. தூக்கிய காலும் நீட்டிய கழுத்துமாக இரண்டடி உயரத்தில் ஓர் உருவம் நிற்கிறதென்றால், கேக்கின் எடையும் ஈரமும் அதற்கு எதிராக வேலை செய்வதால்தான் அது சாதனை. தெர்மாகோலில் அந்த எதிரியே கிடையாது. அமெரிக்காவின் ‘ஃபுட் நெட்வொர்க் சேலஞ்ச்’ நிகழ்ச்சியில் எட்டு மணி நேரத்தில் கேக்கை முடித்து, தூக்கிக்கொண்டு நடுவர் மேசைக்கு நடக்க வேண்டியிருந்தது. பரிசு 10,000 டாலர். அந்த நடையில் தெரிந்த பதற்றம் பொய்யில்லை. (கேக் சரிவதையே கதையின் உச்சமாக்கிக் காசு பார்த்த தொலைக்காட்சியின் புத்தி வேறு விஷயம்.) ‘இஸ் இட் கேக்?’ நிகழ்ச்சியில் 20 நொடியில் எது கேக், எது நிஜப் பொருள் என்று நடுவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேடிக்கையில்கூட ஏமாற்றிவிட்டால் மட்டும் போதாது, ருசியும் பார்க்கிறார்கள். பிரான்சின் லியோன் நகரில் 1989இல் தொடங்கிய உலக பேஸ்ட்ரி கோப்பைப் போட்டியில் சர்க்கரைச் சிற்பமும் சாக்லேட் சிற்பமும் ஒரு பக்கம், நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இனிப்புகள் மறுபக்கம். இரண்டிலும் தேற வேண்டும்.

இதைவிடக் கறாரான விதி அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் இருக்கிறது. அங்கே குரோவ் பார்க் இன் விடுதியில் 1992 முதல் நடக்கும் ஜிஞ்சர்பிரெட் வீட்டுப் போட்டியில், பொருள் முழுக்க உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும்; 75 சதவீதமாவது ஜிஞ்சர்பிரெட்டாக இருக்க வேண்டும். கம்பி, குழாய்ப் பேச்சே கிடையாது. இந்த விதி கற்பனையைக் கட்டிப்போட்டதா? அங்கிருந்து வரும் மாளிகைகளையும் வினோத விலங்குகளையும் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கைக்குக் கட்டு வந்தால் புத்தி வேறு வழி தேடும்.

பர்மிங்ஹாமைப் பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பது அங்கே ஒருவரை ஒருவர் முந்தும் வரிசை மட்டும் அல்ல. குறிப்பிட்ட தரத்தை எட்டிய எல்லோருக்கும் அந்தத் தரத்துக்குரிய விருது உண்டு. முதல், இரண்டு, மூன்று என்பது தனிக் கணக்கு. வீட்டுச் சமையலறையில் தனியாகக் கற்றுக்கொண்டு வருகிறவருக்கு, தன் வேலை எந்தத் தரத்தில் இருக்கிறது என்று வாடிக்கையாளரின் புகழ்ச்சியைத் தாண்டித் தெரிந்துகொள்ள இது நல்ல வழி. நடுவர்கள் பின்பக்கத்தையும் பலகையின் ஓரத்தையும்கூடப் பார்ப்பவர்கள்.

வருகிறவர்களில் பலர் பிறந்தநாள் கேக் செய்து பிழைப்பவர்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் செய்வது பிறர் கேட்டதை: குழந்தைக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ, மாப்பிள்ளைக்குப் பிடித்த தொடர். யாரும் ஆர்டர் கொடுக்காமல், தன் விருப்பத்துக்குச் செய்கிற ஒரே கேக் போட்டி கேக்தான். அந்தச் சுதந்திரம் கையில் இருக்கும்போதும் அவர்கள் செய்துகொண்டு வருவது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிராகன், ‘டாக்டர் ஹூ’வின் டாலெக் என்றால் வருத்தமாக இருக்கிறது. குற்றம் அவர்களுடையது மட்டும் அல்ல. திரையில் எல்லோரும் பார்த்த உருவத்தை மதிப்பிடுவது நடுவருக்கும் சுலபம், பார்வையாளருக்கும் சுலபம்: ஒத்திருக்கிறதா, இல்லையா. யாரும் பார்த்திராத ஒரு விலங்கு மேசைக்கு வந்தால் ஒப்பிட எதுவும் கிடையாது. அதன் உடம்பு நம்பும்படி இருக்கிறதா, அந்தக் கால் அந்த எடையைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கற்பனையின் பெயரைத் தாங்கிய பிரிவில் ஞாபகசக்திக்கு மதிப்பெண் போகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: மிகுபுனைவு கேக்குகளின் கைத்திறனை உலகின் எந்தச் சிற்ப வேலைக்கும் பக்கத்தில் வைக்கலாம், அவற்றின் கற்பனையை இன்னும் வைக்க முடியாது.

போட்டி நடத்துகிறவர்கள் பெரிய சீர்திருத்தம் எதுவும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கேக்கின் பக்கத்திலும் உள்ளங்கை அகல அட்டை ஒன்று வைக்கட்டும். உள்ளே எவ்வளவு கேக், எவ்வளவு தெர்மாகோல், எங்கே கம்பி; பூசிய தூள் உண்ணத்தக்கதா; உருவம் எந்தப் படத்திலிருந்து வந்தது, அல்லது செய்தவரின் சொந்தக் கற்பனையா. இந்த விவரங்கள் எல்லாம் அனுமதிப் படிவம் நிரப்பும்போதே கேட்டு வாங்கக்கூடியவைதான். உருவம் சொந்தக் கற்பனை என்று எழுதியவர்களுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கினால் இன்னும் நல்லது.