அளக்காத ஆய்வுகள்

கல்லூரி மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் மூன்று தலைப்புகள் அடிக்கடி தென்படுகின்றன: தமிழ் மாணவரின் ஆங்கில ஒலிப்பு, நாளிதழின் பக்க அமைப்பு, மனிதர்கள் தமக்கிடையே விடும் இடைவெளி. மூன்றும் நல்ல தலைப்புகளே. வாழப்பாடியில் பேருந்து ஏறி ஆத்தூர் போய் வந்தால் மூன்றுக்கும் வேண்டிய பொருள் கிடைத்துவிடும். ஆனால் ஆய்வேட்டைப் புரட்டினால் காண்பது பெரும்பாலும் ஒரு வினாப்பட்டியும், சில விழுக்காடுகளும், அயல்நாட்டு நூலிலிருந்து எடுத்த அட்டவணையுந்தான். அளவுகோலைக் கையில் எடுத்தவர் குறைவு. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது உறுத்துகிறது.

ஒலிப்பை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர் 'பென்' என்று சொன்னால் ஆங்கிலேயர் காதில் 'பஸ்' என்பதன் முதலொலி விழுகிறது. எனவே ஒலிப்பு தவறு, பயிற்சி தேவை என்று முடித்துவிடுகிறார்கள். ஏன் அப்படி விழுகிறது? 1964இல் லிஸ்கர், ஆபிரம்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 மொழிகளை அளந்தார்கள். தமிழும் அவற்றுள் ஒன்று. உதடு திறக்கும் கணத்திற்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்திற்கும் இடைப்பட்ட காலமே அவர்கள் அளந்தது. ஆங்கிலப் 'பென்'னின் முதலொலிக்கு அது ஏறக்குறைய 60 மில்லி விநாடி. தமிழ்ப் பகரத்திற்கோ 10 மில்லி விநாடியை ஒட்டியது. ஆங்கிலப் 'பஸ்'ஸின் முதலொலிக்கும் இக்காலம் பூச்சியத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அவர்கள் காது நம் 'பென்'னை அந்தப் பக்கம் தள்ளுகிறது. குறைவது சுமார் 50 மில்லி விநாடி மூச்சு, அவ்வளவுதான்! உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் ஒலிப்பதிவில் இந்த 50 மில்லி விநாடிக்குள் 2,205 புள்ளிகள் அடங்கும். 'பிராட்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அளக்காமலிருக்கச் சாக்கு ஏது? அளக்காதபோது, தமிழ்வழியில் படித்த மாணவன் தன் நாக்கையே பழித்துப் பட்டம் வாங்கிப் போகிறான்.

நாளிதழ் ஆய்வுகளில் ஆங்கில இதழியல் நூலின் விதிகளை அப்படியே தமிழ்ப் பக்கத்தின்மேல் வைக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரி முடிவில் இணைகோடு இன்றியே உடைபடுபவை. குறுகிய பத்தியில் இது வாசிப்பைத் தாமதப்படுத்துகிறதா? ஒரே செய்தியை இரண்டு அகலங்களில் அச்சிட்டு, கடிகாரம் வைத்துப் படிக்கச் சொன்னால் விடை கிடைக்கும். 1935இல் 'விடுதலை' கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. பழைய 'லை', 'னை' வடிவங்களையும் இன்றைய வடிவங்களையும் இப்படியே ஒப்பிடலாம்.

இடைவெளி பற்றிய ஏடுகளில் எட்வர்டு ஹாலின் 1966ஆம் ஆண்டு நூல் தவறாமல் வரும்: 45 சென்டிமீட்டர் வரை நெருக்கம், 1.2 மீட்டர் வரை தனிவெளி, 3.6 மீட்டர் வரை சமூகவெளி. தாம் கண்டது பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கரையின் நடுத்தர வகுப்பினரை, இது மனிதகுலம் முழுவதற்கும் பொருந்தாது என்று ஹாலே எச்சரித்திருக்கிறார். அட்டவணையை எடுப்பவர்கள் எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள். 2017இல் வெளியான, 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரிடம் நடத்திய ஆய்வும் தாளில் வரைந்த இரு உருவங்களைக் காட்டி, எவ்வளவு தொலைவு பிடிக்கும் என்று கேட்டதுதான். பேருந்து நிலையத்துத் தரைக்கற்களை எண்ணினால், நிற்கும் தொலைவே நேராகக் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் தொலைவு எப்போதும் விருப்பத்தால் அமைந்ததன்று. 'எட்டி நில்' என்று சாதியின் பேரால் விதிக்கப்பட்ட தொலைவும் இருந்திருக்கிறது. யார் யாரிடம் பேசும்போது ஓர் அடி பின்வாங்குகிறார் என்பதை, 'உங்களுக்கு எவ்வளவு இடைவெளி பிடிக்கும்?' என்னும் கேள்வி ஒருநாளும் வெளிக்கொணராது.