வயிற்றுக்குள் தங்கிவிட்ட கல்

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுக்கும்போது கற்கள் வயிற்றுக்குள் சிதறுவது எப்போதோ ஒருமுறை நடக்கும் விபத்து அல்ல. வீங்கி விறைத்திருக்கும் பையை இடுக்கியால் பற்றித் தூக்கும்போது அதன் சுவர் கிழியலாம். கல்லீரலோடு ஒட்டிய பக்கத்தை மின்சூட்டுக் கொக்கியால் பிரிக்கும்போது ஓட்டை விழலாம். எல்லாம் முடிந்து, தொப்புள் துளை வழியாக வெளியே இழுக்கும் கடைசி நிமிடத்திலும் பை பிய்ந்துபோகலாம். திரையில் முதலில் பச்சை கலந்த மஞ்சளாகப் பித்தநீர் பீறிடும்; அதன் பின்னால் கற்கள் உருளும். சில கல்லீரலின் அடியில் நின்றுவிடும். சில குடல் மடிப்புகளுக்குள் நழுவி, கேமராவைத் திருப்புவதற்குள் மறைந்துவிடும். பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கின்படி, இந்தச் சிகிச்சை பெறும் 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்குக் கல் சிதறுகிறது. அவர்களில் 2 பேருக்காவது எல்லாக் கல்லையும் எடுக்க முடிவதில்லை.

அப்போது என்ன செய்வது? விடை இந்த அறுவை வந்த விதத்தோடு சேர்ந்தது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே இந்த அறுவையை முதன்முதலில் செய்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன், வயிற்றைத் திறந்து செய்த காலத்திலும் கல் விழத்தான் செய்தது. ஆனால் கையை விட்டு எடுத்துவிடலாம், பஞ்சுத்துணியால் துடைத்துவிடலாம். துளை வழியாக அந்த வசதி இல்லை. ஆகவே, கிடைத்த கல்லை எடுத்து, உப்புநீரால் கழுவி, கிடைக்காததை அப்படியே விட்டுவிடுவது என்ற வழக்கம் உருவானது.

இந்த வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே தங்கிய கற்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. வயிற்றின் உட்சவ்வு அவற்றைச் சுற்றி மூடிவிடுகிறது. கல் தங்கியவர்களில் 100க்கு 8, 9 பேருக்குத்தான் பின்னால் தொல்லை வருகிறது. அறுவை செய்துகொண்ட எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1000க்கு 2 பேர் அளவில் நிற்கும். இதற்காக வயிற்றைப் பெரிதாகக் கீறினால் வலியும் புண்ணில் சீழ் பிடிப்பதும் பின்னாளில் குடலிறக்கமும் வரக்கூடும். ஒரு கல்லைத் தேடி வயிற்றைத் திறக்காத அறுவை மருத்துவர் சரியாகவே முடிவெடுக்கிறார்.

ஆனால், ‘திறக்கத் தேவையில்லை’ என்ற சரியான முடிவு, ‘கல் தீங்கற்றது’ என்ற தவறான நம்பிக்கையாக மாறிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். பிறகு வந்த நோயாளிகள் அதைப் பொய்யாக்கினார்கள். கல்லீரலுக்குக் கீழே சீழ்க்கட்டி, உதரவிதானத்துக்கு அடியில் சீழ்க்கட்டி, துளை போட்ட இடத்தில் ஆறாமல் கசியும் புண் என்று பலவிதமாகத் தொல்லை வந்தது. உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரல் வரை போன கல் இருமலில் வெளிவந்ததாகக்கூட மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தொல்லை சில மாதங்களில் வருவதும் உண்டு, பத்து ஆண்டு கடந்து வருவதும் உண்டு.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி ஆபத்தானது அல்ல. கொழுப்புக் கல்லைவிட நிறமிக் கல்தான் அதிகத் தொல்லை தரும். அதற்குள் கிருமிகள் குடியிருக்கும். எளிதில் நொறுங்குவதால் துணுக்குகளாகவும் சிதறும். வட இந்தியாவில் கொழுப்புக் கல் மிகுதி, தென்னிந்தியாவில் நிறமிக் கல் மிகுதி. எனவே மேலைநாட்டு நோயாளிகளை வைத்து எழுதிய ஆறுதலை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு அழற்சி முற்றிய பை, சீழ் கலந்த பித்தம், பெரிய கல், நிறையக் கல், வயதான உடல் என்று சேரச்சேர ஆபத்து கூடும். தடுப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. விறைத்த பையிலிருந்து முதலிலேயே பித்தநீரை உறிஞ்சிவிடலாம்; ஓட்டை விழுந்தால் உடனே கிளிப் போட்டு மூடலாம்; பித்தப்பையை ஒரு பைக்குள் இட்டு வெளியே எடுக்கலாம். விலைகூடிய பை இல்லாத இடங்களில் கிருமி நீக்கிய கையுறையையே பையாகப் பயன்படுத்துகிறார்கள். அதுவே போதும்.

இந்த வழக்கத்தின் உண்மையான குறை, கல்லை உள்ளே விடுவதில் இல்லை. அதைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. நான்கு ஆண்டு கழித்துக் காய்ச்சலும் வலது விலாவில் வலியுமாக ஒருவர் வேறொரு மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அறுவை இயல்பாக முடிந்தது’ என்றுதான் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த கல் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம். கட்டியைப் புற்றுநோய் என்று சந்தேகிக்கலாம். துளைத் தழும்பில் கசிவு என்றால் காசநோய் இனக் கிருமிகளைத் தேடுவது நம் நாட்டில் இயல்பு. அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை. குழாய் வைத்துச் சீழை வடித்தால் காய்ச்சல் இறங்கும், கல் உள்ளேயே இருந்தால் கட்டி திரும்ப வரும். கல்லை எடுத்தால்தான் நோய் தீரும். ‘கல் தங்கியிருக்கலாம்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே அந்தக் கோணத்தில் தேடியிருப்பார்கள்.

சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், வழக்குப் போடுவார் என்பது மறுதரப்பின் வாதம். அரிதான ஆபத்துகளை எல்லாம் விவரித்து நோயாளியைக் குழப்ப வேண்டியதில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆனால் அது அறுவைக்கு முன் பெறும் சம்மதத்தைப் பற்றியது. கல் விழுந்த பிறகு அது ‘நடக்கலாம்’ என்ற ஆபத்து அல்ல, நடந்துவிட்ட ஒன்று. தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமையை அச்சத்தின் பெயரால் மறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கல் சிதறுவது இந்த அறுவையில் நேரக்கூடியதுதான் என்பதால் அதைப் பதிவு செய்த மருத்துவருக்கு விளக்கம் தர இடம் இருக்கிறது. மறைத்தவருக்கு அது இருக்காது.

இன்னொன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். கல் அந்தக் கெடுவுக்குக் கட்டுப்படுவதில்லை. மருத்துவமனை ஏட்டில் மட்டும் எழுதிவைத்தால், தேவைப்படும் நாளில் ஏடே இல்லாமல் போகலாம். ஆகவே அந்த வரி நோயாளியின் கைக்குப் போக வேண்டும்: கல் சிதறியது, எடுக்க முடிந்ததை எடுத்தோம், ஓரிரு கல் கல்லீரலுக்கு அடியில் தங்கியிருக்கலாம், காய்ச்சலோ வலியோ கசிவோ வந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள். அதே விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். பித்தப்பை எடுத்துக்கொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல், ஆபரேஷன் நோட்ஸ் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.