வெயிலில் நிற்கும் குழந்தைகள்

காஞ்சிபுரத்தைப் படமெடுக்க வருகிறவர்களுக்குக் கோபுரமும் குழந்தையும் ஒரே சட்டத்துக்குள் அகப்பட்டாக வேண்டும். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமியைக் கோயில் பிரகாரத்தில் நிறுத்தி, வெயில் முகத்தில் விழும்படி திருப்பி, சிரிக்கச் சொல்கிறார்கள். அவள் கண்ணை இடுக்குகிறாள். அதையே சிரிப்பென்று ஒப்புக்கொண்டு நாமும் சுவரில் மாட்டிவிடுகிறோம். இந்த ரகப் படங்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

1900-ம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி, பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. அதன் எளிய லென்ஸுக்கும் அக்காலத்து மந்தமான பிலிமுக்கும் கொட்டுகிற வெயில் வேண்டியிருந்தது. சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் இருக்கட்டும் என்ற விதி அந்த மாதிரி ஏழைப் பெட்டிகளுக்காக ஏற்பட்டது. பெட்டி போய், சட்டைப்பையிலுள்ள டெலிபோனே படமெடுக்கும் காலம் வந்தும் விதி மட்டும் போகவில்லை. காஞ்சியிலோ சித்திரை உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து நிற்கிறது. கண்குழியில் நிழல், மூக்கின் கீழே மீசைபோல இன்னொரு நிழல், ஜரிகையில் வெள்ளை நெருப்பு. முகம் எங்கே?

நல்ல வெளிச்சத்துக்கு அவ்வூரில் பஞ்சமில்லை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் போனால் கிழக்கு மதிலின் நிழலில் குழந்தையை நிறுத்தலாம். எதிரே வெயில் வாங்கும் மணற்கல், அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கதகதப்பாக்கி முகத்துக்குத் திருப்பித் தரும். பழைய வீட்டு முற்றம் அதனினும் நல்லது. அங்கே வருவது வெயில் அல்ல, வானம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றத்தைச் செட்டாகப் போட்டபோது, சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். அவர் அத்தனை பாடுபட்டு உண்டாக்கிய வானம் நம் வீடுகளில் இனாம்.

இதெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். என் பெரிய குறை வேறு. வெயிலில் நிறுத்திய குழந்தை சந்தோஷமாக இருப்பதாகவே நமக்குப் படுகிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் நாடா வேறு வேறு. நெய்கிறவர் தனியாகச் சமாளிக்க முடியாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பெரும்பாலும் சின்னக் கையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த காஞ்சிக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2016-ல் திருத்திய சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. தறி வீட்டுக்குள்ளே, அரை இருட்டில் இருக்கிறது. வெயில் தேடி வந்த காமிரா அந்த நிலைப்படியைத் தாண்டுவதில்லை.

அதற்காக வெயிலைப் பழித்துப் பயனில்லை. 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலைசெய்த குழந்தைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைனும் பல தடவை வெளிச்சத்தில்தான் அவர்களை நிறுத்தினார்; உள்ளே விடாதபோது ஆலை வாசலில் காத்திருந்து பிடித்தார். தன் கோட்டுப் பொத்தான்களை அளவுகோலாக வைத்து உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்வாராம். சிரிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தக் குழந்தைகள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். படத்தோடு பெயர், வயது, வேலை, முடிந்தால் கூலி, எல்லாம் குறித்து வைத்தார்.

நம் பிரகாரத்துச் சிறுமியின் படத்துக்குக் கீழே 'கோயில் நகரத்துப் புன்னகை' என்கிற மாதிரி ஏதாவது போட்டிருக்கும். எந்த வகுப்பில் படிக்கிறாள், அந்தப் பாவாடை அவளுடையதுதானா, யார் நெய்தது என்று ஒரு வரி கிடையாது.