'ஐயோ'வுக்கு ஏது இலக்கணம்?

விமரிசனம் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஜியோவானி மரியா ஆர்த்தூசி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாதகமில்லை. அவர் யாரைக் கிழித்துத் தோரணம் கட்டினாரோ, அந்த ஆசாமியைக் கேள்விப்பட்டிருக்கலாம். கிளாடியோ மான்டிவெர்டி.

ஆர்த்தூசி இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பாதிரியார். சங்கீத சாஸ்திரத்தில் புலி. நவீன சங்கீதத்தின் குறைபாடுகள் என்று அர்த்தம் வருகிற தலைப்பில் 1600-ல் ஒரு புத்தகம் போட்டார். இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி எழுதிய புத்தகம். அதில் ஒருவர், 1598 நவம்பரில் ஃபெராரா என்ற ஊரில் ஒரு வீட்டுக் கச்சேரியில் சில புது மாட்ரிகல்களைக் கேட்டதாகச் சொல்ல, அவற்றை இருவரும் பிரித்து மேய்கிறார்கள். எழுதியவர் பெயரை மட்டும் சொல்லவே இல்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மாட்ரிகல் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கவிதையை நாலைந்து பேர், ஆளுக்கொரு மெட்டில், ஒரே சமயத்தில் பாடுவது. அடிதடி ஆகிவிடாதோ என்பீர்கள். ஆகாமலிருக்கச் சட்டம் இருந்தது. ஆர்த்தூசியின் குரு ஸார்லினோ 1558-லேயே அதைப் பெரிய புத்தகமாக எழுதிவைத்துவிட்டார். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், ஒன்றோடொன்று உரசுகிற ஸ்வரம் ஒரு கடன். முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்கவேண்டும். அடுத்த படிக்கு ஒழுங்காக இறங்கித் திருப்பிக் கட்டவேண்டும்.

மான்டிவெர்டி என்ன பண்ணினார்? 'க்ரூடா அமரில்லி' என்ற பாட்டில், கல்நெஞ்சுக்காரி அமரில்லியை நினைத்துக் காதலன் புலம்புகிறான். மொத்தம் ஐந்து குரல்கள். ஓரிடத்தில் அடிக்குரல் 'ஸ'வில் நிற்கிறது. மௌனமாக இருந்த மேல்குரல் திடீரென்று 'ரி'யில் வந்து குதிக்கிறது. முன்னறிவிப்பு கிடையாது. சரி, 'ஸ'வுக்கு இறங்கிக் கடனை அடைக்கும் என்று பார்த்தால், அதைத் தாண்டி 'நி'க்குத் தாவுகிறது. அதுவும் உரசல். கடனை அடைக்க இன்னொரு கடன்! ஆர்த்தூசிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு அபாரமான காது. நானூறு வருஷம் கழித்தும் மான்டிவெர்டியைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் அவர் விரல் வைத்த அதே இடத்தில்தான் விரல் வைக்கிறார்கள்.

அப்படியானால் எங்கே சறுக்கினார்? புத்தகத்தில் அந்த இடங்களை அச்சிட்டபோது ஸ்வரங்களை மட்டும் போட்டார். பாட்டின் சொற்களைப் போடவில்லை. சர்ச்சைக்குரிய அந்த இடத்தில் வருகிற சொல், ஏறக்குறைய நம்முடைய 'ஐயோ!' வவுச்சரில் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, எதற்காகச் செலவு என்ற வரியைப் படிக்காமல் 'மோசடி' என்று எழுதிய ஆடிட்டர் அவர்.

மான்டிவெர்டி 1605-ல் ஒரு சின்னப் பதில் எழுதினார். நான் கண்மூடித்தனமாக எழுதுகிறவன் இல்லை, இது இரண்டாவது முறை, விளக்கமாகப் புத்தகமே எழுதுகிறேன் என்றார். 1607-ல் தம்பி ஜூலியோ சேசரே அண்ணனுக்காகப் பொழிப்புரை போட்டார். இனி பாட்டில் சொல்தான் எஜமானி, இசை அவளுக்குப் பணிப்பெண் என்பது அதன் சாரம். அதே வருஷம் மான்டுவாவில் 'ஓர்ஃபியோ' அரங்கேறியது. வாக்களித்த புத்தகம் மட்டும் வரவே இல்லை. 1633-லும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் கடிதத்தில் சொல்கிறார்!

எனக்கு இந்தத் தம்பியின் வாதத்திலும் ஒரு சங்கடம் உண்டு. சொல்லுக்காகச் சட்டத்தை மீறினேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே? அரைகுறைகளுக்கெல்லாம் அது லைசென்ஸ் ஆகிவிடாதா? 'அமரில்லி'யை இன்னொரு தடவை கேட்டால் பதில் கிடைக்கிறது. சுற்றிலும் நாணயமாகக் கணக்குத் தீர்க்கிற ஸ்வரங்கள் இருப்பதால்தான் அந்த ஒரு பாக்கி நெஞ்சில் உறுத்துகிறது. எல்லாரும் கடன்காரர்களாக இருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஸார்லினோவின் சட்டம் இல்லாவிட்டால் மான்டிவெர்டியின் 'ஐயோ' வெறும் சத்தம்.

இதை அவரே அழகாகக் காட்டியிருக்கிறார், 1638-ல் வெளிவந்த எட்டாவது மாட்ரிகல் தொகுப்பில். 'வனதேவதையின் புலம்பல்' என்று ஒரு பாட்டு. அவள் அழுகிறவரை, அடியில் படிப்படியாக இறங்குகிற நாலே நாலு ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வட்டி மாதிரி, தவணை தவறாமல். மேலே காதலன் கைவிட்ட பெண்ணின் குரல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் முந்துகிறது, பிந்துகிறது, மோதுகிறது. தாளம் போடுகிறவரின் கைக்கு ஏற்பப் பாடாதே, மனசின் வேகத்துக்கு ஏற்பப் பாடு என்று குறிப்பே எழுதிவைத்திருக்கிறார். சட்டம் கீழே, துக்கம் மேலே. இரண்டில் எது இல்லாவிட்டாலும் பாட்டு இல்லை.

ஆர்த்தூசி 1613-ல் காலமானார். வெனிஸில் சான் மார்க்கோ தேவாலயத்தின் சங்கீதத் தலைமைப் பதவியில் மான்டிவெர்டி அமர்ந்ததும் அதே வருஷம். ஒரு காலத்தில் ஸார்லினோ உட்கார்ந்திருந்த அதே நாற்காலி!

நானும் ஒருமுறை ஒரு பாட்டை, வரிகளைக் காதில் வாங்காமலே, 'இரைச்சல்' என்று ஒரே வார்த்தையில் தீர்த்துக்கட்டியிருக்கிறேன். பல மாதம் கழித்து ஒரு பஸ் பயணத்தில் வரிகள் காதில் விழுந்தன. அந்த இரைச்சல், பிள்ளையைத் தொலைத்த ஒருத்தியின் இரைச்சல். எழுதியது எழுதியதுதான், அச்சாகிவிட்டது.

நீங்கள் 'அமரில்லி'யை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை ஸ்வரம் மட்டும். இரண்டாவது தடவை, அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆர்த்தூசி அந்த இரண்டாவது தடவையை விட்டுவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.